வழியனுப்ப வராதவர்

யாராவது திருச்சிக்கு வருகிறார்கள் என்றால் என்னோடு வேலை பார்த்த அந்தப் பெரியவர் காதில் போட்டுவிட்டால் போதும். ரயிலோ பஸ்ஸோ, விடியற்காலையோ உச்சி வெயிலோ, ஆள் போய் நின்றுவிடுவார். சொந்தமா பந்தமா என்றெல்லாம் பார்ப்பது கிடையாது. எங்கள் ஆபீஸுக்கு வெளியூரிலிருந்து யார் வந்தாலும் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் முதலில் பார்ப்பது இவர் முகத்தைத்தான். நான் இதே திருச்சியில் பாலக்கரைக்காரி. பிறந்து வளர்ந்த ஊரில் எனக்கு வழி தெரியாதா என்ன? இருந்தாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தென்னூர் ஸ்டாப்பில் நான் இறங்கும்போது கையில் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"நீங்கதானே மேப் போடுறதுக்கு வந்திருக்கிற பொண்ணு? வாங்கம்மா. நம்ம ஆபீஸ் படி கொஞ்சம் செங்குத்து, பாத்து ஏறணும்" என்றார்.

இத்தனை ஆசையாக வரவேற்கிற மனுஷர், ஒருவரையும் வழியனுப்ப மட்டும் வரமாட்டார். ஆபீஸில் யாராவது வேலையை விட்டுப் போனால் சமோசாவும் கேக்கும் வாங்கி, நாலு வார்த்தை பேசி அனுப்புவோம். சமோசா வந்து இறங்கும்போது இவர் நாற்காலி காலியாக இருக்கும். மறுநாள் கேட்டால் பல்வலி என்பார்.

"என்ன சார், உங்க பல்லு யாராவது கிளம்புற அன்னைக்குத்தான் வலிக்கும்போல."

"ஆமாம்மா. அதுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுடுது" என்பார், சிரிக்காமல்.

போன மாதம் இங்கே சென்னையில் என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தேன். குழந்தை பிறந்த ஊர் எது என்று கேட்டார்கள். திருச்சி என்று சொன்னேன். சொன்னதும் அவர் ஞாபகம் வந்து, வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. ஒரு குழந்தை எங்கே பிறந்தது என்ற கேள்வி அந்த மனுஷரை எப்படிக் கவிழ்த்தது என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

எங்கள் ஆபீஸ் தென்னூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரு பகுதியில் இன்னும் பத்து வருஷத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணித்துச் சொல்வது எங்கள் தொழில். தண்ணீர்த் தொட்டி கட்டுகிறவர்கள், பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள், கல்யாண மண்டபம் கட்ட இடம் பார்க்கிறவர்கள் எல்லோரும் வருவார்கள். மேப் என் வேலை. கணக்கு அவர் வேலை.

எங்கள் முதலாளிக்குத் தெரிந்ததெல்லாம் பெருக்கல். "வருஷத்துக்கு இத்தனை பேர் கூடுறாங்களா? பத்தால பெருக்குங்க, முடிஞ்சுது" என்பார். இவருக்கு அதைக் கேட்டாலே முகம் சுருங்கிவிடும். "வேகம் என்ன கல்லா சார், வச்ச இடத்துல இருக்க? இந்த வருஷம் ஒரு வேகம், அடுத்த வருஷம் ஒரு வேகம்" என்று சொல்லிவிட்டு கிராஃப் தாளை எடுத்துவிடுவார். கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்தில் போட்டுத் தருகிற கணக்குதான். இருந்தாலும் முதலில் பென்சிலால் தாளில் வரைந்து பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

நான் பிளஸ் டூ தமிழ் மீடியம். அந்த மாதிரிக் கணக்கைத் தொகையிடல் என்று படித்து, பரீட்சை எழுதி, அன்றைக்கே மறந்தும் போனவள். அவர் அதை இன்டெக்ரேஷன் என்பார். எனக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் சொன்னார்: "மாசா மாசம் எவ்வளவு வேகமா ஆள் சேருறாங்கன்னு ஒரு கோடு போடுங்க. கோட்டுக்குக் கீழ இருக்கிற இடத்தை வாழைக்காய் சிப்ஸ் சீவுற மாதிரி மெல்லிசா சீவுங்க. ஒவ்வொரு சீவலையும் அளந்து கூட்டிட்டா, மொத்தம் எத்தனை பேர் சேந்தாங்கன்னு வந்துடும். அவ்வளவுதாம்மா. ஆனா ஒண்ணு, இது சேந்தவங்க கணக்கு மட்டும்தான். ஆரம்பத்துலயே எத்தனை பேர் இருந்தாங்கன்னு கோடு சொல்லாது. அதை நாமதான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கணும்."

இந்த ஆரம்பத்தில் இருந்தவர்கள் விஷயத்தில் அவரே சறுக்குவார் என்பதுதான் வேடிக்கை. ஒருமுறை இருவரும் வேலையாக சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ்ஸில் போனோம். முன்பக்கப் படியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எவ்வளவு வேகமாக ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். காவிரிப் பாலம் தாண்டியதும், பஸ்ஸுக்குள் எத்தனை பேர் என்று ஒரு எண்ணைச் சொன்னார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், சும்மா விடுவேனா? எழுந்து நின்று தலைகளை எண்ணினேன். மூன்று பேர் அதிகமாக இருந்தார்கள்.

அவர் நெற்றியைத் தேய்த்தார். "டிரைவர், கண்டக்டர் ரெண்டு பேரும் ஆரம்பத்துலயே உள்ள இருந்தவங்க, விட்டுட்டேன். இன்னொண்ணு யாரு?"

"நீங்கதான் சார். பஸ் நின்னதுமே முதல் ஆளா உங்களை ஏத்தி உக்கார வச்சது நான்தான்."

அப்போது சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அரிது. சம்சாரம் இறந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஒரே பெண். அதையும் பூனாவில் கட்டிக் கொடுத்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்து வீட்டில் தனியாக இருந்தார். சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் கிளம்ப மனசு வராமல் பென்சில் சீவிக்கொண்டிருப்பார். எல்லாப் பென்சிலும் கூர்மையாகத்தான் இருக்கும். எனக்குப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் நான் ஏதாவது கேட்கப்போய், அவர் ஏதாவது சொல்லப்போய், எதற்கு என்று விட்டுவிடுவேன்.

அந்தப் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது ஆள் அடியோடு மாறிப்போனார். அம்மா இல்லாத வீடு. பத்தியச் சமையல் முழுவதும் இவர்தான். எங்கள் ஆபீஸில் பெருக்குகிற அக்காவிடம் பூண்டுக் குழம்புக்குப் பக்குவம் கேட்பார். என்னிடம் கேட்பார். எனக்கே தெரியாது என்றதும் பாலக்கரையில் என் அம்மாவுக்குப் போன் போடுவார். "பூண்டை நல்லெண்ணெய்ல வதக்கணுமாம்மா, நெய்யிலயா?" என்று அவர் கேட்க, என் அம்மா சொல்லச் சொல்ல, கிராஃப் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்வார். சில மாதங்களுக்கு அவர் மேஜைப் பக்கம் போனாலே பூண்டு மணந்தது. பேத்தி பிறந்தாள். குழந்தைக்குத் தூளி கட்ட, சம்சாரத்தின் பழைய நூல்சேலையை எடுத்தேன் என்று ஒருநாள் தானாகவே சொன்னார்.

ஐந்தாம் மாதம் மாப்பிள்ளை வந்து தாயையும் பிள்ளையையும் பூனாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு இவர் ஆபீஸுக்கு வந்துவிட்டார்.

"சார், இன்னைக்குத்தானே பாப்பா கிளம்புறா?"

"ஆமா."

"ஜங்ஷனுக்குப் போகலையா?"

"நான் போனா ரயிலை நிறுத்திடுவாங்களா? ஆட்டோ சொல்லி அனுப்பிட்டுத்தான் வந்தேன். நீங்க அந்த ஸ்கூல் மேப்பை எடுங்க."

ஸ்கூல் என்றது, ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி இருந்த ஒரு சின்ன ஆரம்பப் பள்ளி. அவர் பெண் படித்தது அங்கேதான். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்ததால், கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதா, இல்லை பள்ளியையே மூடிவிடுவதா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியில் வரும் வருஷங்களில் ஐந்து வயதுக் குழந்தைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டு எங்களிடம் வந்தார்கள். தலைமையாசிரியை எங்கள் செங்குத்துப் படியில் மூச்சு வாங்க ஏறிவந்து, "நல்லபடியாச் சொல்லுங்க சார்" என்றார். கணக்கில் நல்லபடி கெட்டபடி ஏது? ஆனாலும் அப்படித்தான் கேட்டார்.

மகள் ரயில் ஏறிய அந்த நாள் முழுக்க இவர் அந்தப் பள்ளிக்கான கோட்டைத்தான் வரைந்தார். அந்தப் பகுதி விலாசத்தில் மாதா மாதம் எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன என்ற விவரம் கையில் இருந்தது. கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. சீவிக் கூட்டினார். இனி வரும் வருஷங்களில் ஒன்றாம் வகுப்பு நிரம்பி வழியும் என்று வந்தது. கம்ப்யூட்டரும் அதையே சொன்னது. டீச்சருக்கு அன்றைக்கே போன் போட்டுவிட்டார்.

"கட்டடத்தைக் கட்டச் சொல்லுங்க டீச்சர். பிள்ளைங்க வருது" என்றார். அந்தப் பக்கம் டீச்சர் அழுதுவிட்டார்போல. இவர், "அழாதீங்க டீச்சர், அழாதீங்க" என்று ரெண்டு தடவை சொன்னது எனக்குக் கேட்டது.

அறிக்கை கொடுப்பதற்கு முன்னால் நேரில் போய்ச் சில வீடுகளைப் பார்ப்பது எங்கள் வழக்கம். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் இருவரும் ஸ்ரீரங்கம் போனோம். குழந்தை பிறந்ததாகப் பதிவான வீடுகளில் அங்கங்கே தட்டிப் பார்ப்பதாகத் திட்டம். முதல் வீட்டில் ஒரு பெரியவர் கதவைத் திறந்தார்.

"குழந்தையா? அது பெங்களூர்ல இருக்கு. இப்பத்தான் முட்டி போட ஆரம்பிச்சிருக்கானாம். வீடியோ அனுப்புனாங்க, பாக்குறீங்களா?"

பார்த்தோம். நல்ல குண்டுப் பையன்.

அடுத்த வீட்டில் ஒரு அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "மூணாம் மாசமே கூட்டிட்டுப் போயிட்டாங்கங்க. மாப்ளைக்கு லீவு கிடைக்கலையாம். வீடே ஓன்னு இருக்கு" என்றார். அதற்கடுத்த வீடு பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். குழந்தையும் அங்கேதான்.

எனக்கு லேசாக உறைக்க ஆரம்பித்தது. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வேகமாக நடந்தார். தெருமுனையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுகிற சத்தம் கேட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தீங்களா? எப்ப வந்தாலும் இந்தத் தெருவுல குழந்தை அழுகிற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்மா. நான் தினமும் கேக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே அந்த வீட்டு வாசலுக்குப் போனார்.

இளம்பெண் ஒருத்தி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. பாதி துணிகளை அடுக்கியிருந்தாள்.

"எந்த ஸ்கூல்லங்க போடுவீங்க பாப்பாவை?" என்று அவர் கேட்டார். நாலு மாதக் குழந்தையைப் பற்றிக் கேட்கிற கேள்வியா அது?

அவள் சிரித்துவிட்டாள். "அதுக்குள்ளயா சார்? எங்க வீடு ஓசூர்ல. இது அம்மா வீடு, பிரசவத்துக்கு வந்தேன். புதன்கிழமை கிளம்புறோம்."

அவர் தலையாட்டினார். நன்றி சொன்னார். வெளியே வந்து ஒரு வீட்டு நிழலில் நின்று குடையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தார். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருகிற பெண் ஆஸ்பத்திரியில் அம்மா வீட்டு விலாசத்தைத்தான் கொடுப்பாள். குழந்தை இந்தத் தெருக் கணக்கில் பிறக்கும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அப்பா ஊருக்குப் போய்விடும். இது தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? அதுவும் இவருக்குத் தெரியாதா?

"வீடு பக்கந்தான். ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவோம்மா" என்றார்.

அவர் வீட்டுக்குள் நான் போனது அந்த ஒரே முறைதான். கூடத்தின் நடுவே உத்தரத்திலிருந்து தூளி தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை நூல்சேலை, நடுவில் விரித்துப் பிடிக்க ஒரு தேக்குக் கட்டை. சமையலறைக்குப் போக வேண்டுமானால் அதற்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். அவர் பழக்கத்தில் குனிந்து போய், சொம்போடு குனிந்து வந்தார்.

"இன்னும் கழட்டலையா சார்?"

"ஃபேன் போட்டா லேசா ஆடும். இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார். தூளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கோட்டுல இந்த வீட்டுக் குழந்தையும் ஒண்ணு இருக்கும்மா. நான்தான் வரைஞ்சேன். அவ ரயில் ஏறுன நேரத்துல வரைஞ்சேன்" என்றார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு சொம்பைக் கீழே வைத்தேன்.

மறுநாள், பார்த்துவந்த வீடுகளை வைத்து, அதே தாளில் இரண்டாவது கோடு ஒன்றைப் போட்டார். போகிறவர்களின் கோடு. அது முதல் கோட்டைப் போலவே ஏறியது, சில மாதங்கள் மட்டும் தள்ளி. ரெண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பட்டை மிஞ்சியது. அதைப் பென்சிலால் நிழலடித்துக் காட்டினார். "இதுதாம்மா எந்த நேரமும் தெருவுல இருக்கிற குழந்தைங்க. இந்தப் பட்டை என்னைக்கும் காலியாகாது. அதான் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. ஆனா உள்ள இருக்கிறது இன்னைக்கு ஒரு குழந்தை, நாளைக்கு வேற குழந்தை. ஒண்ணுகூட அஞ்சு வயசு வரைக்கும் நிக்காது. இறந்தவங்களைக்கூடக் கழிச்சேன் பாருங்க. கிளம்புனவங்களைக் கழிக்கத் தோணலை."

முதலாளி அறிக்கையை அப்படியே விடலாம் என்றார். "டீச்சரம்மா சந்தோஷமா இருக்காங்க, நமக்கு என்ன போச்சு? நாளைக்கு யாரு வந்து எண்ணப்போறா?" என்றார். இவர் புதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நீங்களும் கூட வாங்கம்மா" என்று என்னைக் கூப்பிட்டார்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் காபி வரவழைத்தார். புதுக் கட்டடத்தில் ஒன்றாம் வகுப்பு எந்தப் பக்கம் வரும் என்று ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிச் சொன்னார். நான் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு இவர் சட்டைப்பையைப் பார்த்தேன். இவர் தாளை விரித்து ரெண்டு கோட்டையும் காட்டினார். டீச்சர் ரெண்டு கோட்டின் மேலும் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"அப்போ எங்க பிள்ளைங்க எல்லாம் எங்க சார்?"

"வேற வேற ஊர்ல வளருதுங்க டீச்சர். இங்க பொறந்துட்டுப் போயிடுதுங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"உங்க பேத்தி? உங்க பொண்ணைப் படிக்க வச்சது நான்தான். பேத்தியையும் இங்கதான் போடுவேன்னு போன்ல சொன்னீங்களே?"

அவர் தாளை மடித்தார். மடிப்பை விரலால் நீவினார். "அவளையும் கழிச்சாச்சு டீச்சர்" என்றார்.

அடுத்த வருஷம் அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்தார்கள். அது சரியான முடிவுதான், கணக்குப்படி. அவர் அந்தத் தெரு வழியாக வருவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார் என்று எனக்குத் தெரியும்.

அதற்குள் எனக்கும் கல்யாணமாகியிருந்தது. வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை. தலைப்பிரசவம் வரைக்கும் நான் பாலக்கரையில் அம்மா வீட்டிலேயே இருந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வெளியாளாக முதலில் வந்து நின்றவர் அவர்தான், கையில் பூண்டுக் குழம்போடு. அம்மாவே ருசி பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். நான் சென்னைக்குக் கிளம்பும் தேதி முடிவானதும் போனில் சொன்னேன். "சரிம்மா, போயிட்டு வாங்க" என்று சட்டென்று வைத்துவிட்டார். அவர் வரமாட்டார் என்று தெரியும், அதனால் வருத்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருத்தமாகத்தான் இருந்தது.

ஜங்ஷனில் ரயில் கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜன்னல் பக்கம் யாரோ குடைப்பிடியால் தட்டினார்கள். பார்த்தால் அவர்.

"என்ன சார், பல்லு வலிக்கலையா?"

"வலிக்குதும்மா" என்றார்.

செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார். தூளிக் கட்டை. "சேலை நைஞ்சு போச்சு, தூளியைக் கழட்டிட்டேன். கட்டை நல்ல தேக்கு. பாப்பாவுக்கு ஆகும்" என்றார். சென்னை வீட்டு உத்தரத்தில் கொக்கியே இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அது இன்றைக்கும் பீரோ மேலே அந்தச் செய்தித்தாளோடுதான் கிடக்கிறது.

மடியில் தூங்கிய குழந்தையை எட்டிப் பார்த்தார். "எத்தனை மாசம்?"

"அஞ்சு முடிஞ்சுது சார்."

"கோடு சரியாத்தான் இருக்கு." ரயில் அசைந்தது. அவர் கூடவே நடந்தார். குழந்தையைப் பார்த்து ஒரு விரலை நீட்டி, "ஒண்ணு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். இன்னொரு விரலையும் நீட்டினார். "நீங்க ஆரம்பத்துலேர்ந்து இருந்தவங்க. போறவங்க கணக்குல உங்களைச் சேக்க மறந்துட்டேன் பாருங்க. ரெண்டு."

போயிட்டு வரேன் சார் என்று சொல்ல நினைத்தேன், சொன்னேனா என்று ஞாபகமில்லை. பிளாட்பாரம் முடிகிற இடம்வரை அந்த ரெண்டு விரலையும் மடக்காமல் நின்றார்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. முதலாளி ஆபீஸை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருடைய பழைய நம்பரில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். பூனாவுக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். போகவே இல்லை, ஸ்ரீரங்கத்திலேயேதான் இருக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார்.

அன்றைக்கு ஜங்ஷனை விட்டு வெளியே வந்து ஸ்ரீரங்கம் பஸ் ஏறியிருப்பார். முன்பக்கப் படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பாலம் தாண்டும்போது உள்ளே எத்தனை பேர் என்று கணக்குப் போட்டிருப்பார். இந்தத் தடவை டிரைவரையும் கண்டக்டரையும் மறந்திருக்கமாட்டார். தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.